கண்ணாடிக்கார அம்மாவின் பதில்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிறது. நீ எப்படி இருக்கிறாய்? அத்தான் எப்படி இருக்கிறார்?

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பேசவில்லை என்று வருத்தப்படாதே. "மூச்சுதான் கேக்குது, ஆள் இருக்கியா?" என்று நீ கேட்டதும் வாயில் வைத்திருந்த இரண்டு வார்த்தையும் ஓடிவிட்டன. இனிமேல் கடிதம் எழுது என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. பேனா பிடித்தால்தான் எனக்கு வாய் வருகிறது.

நூலக வேலை பிடித்திருக்கிறது. திரும்பி வரும் புத்தகங்களை அதனதன் இடத்தில் வைக்கிறேன், கிழிந்ததை ஒட்டுகிறேன். யாரும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை, பேசினாலும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் ஆகஸ்ட் வரைக்கும்தான் என்னை எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று தலைமை அலுவலகம் சொல்லும். அனுப்பினால் அம்மாவோடு அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதுதான். அங்கே ஒலிபெருக்கியில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். பதில் வராவிட்டால் வருகிறவரை கூப்பிடுவார்களாம். பள்ளிக்கூடத்தை விட்டு நான் ஓடி வந்ததே அதற்குத்தான் என்று உனக்குத் தெரியும்.

இப்போது இங்கே எல்லாம் ஆன்லைனுக்கு மாறுகிறது. திங்கட்கிழமை கம்ப்யூட்டர் திரையில் பயிற்சி நடந்தது. பயிற்சிக்காரர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டார். உருகி வந்தபோது வேறு பாடத்தில் இருந்தார். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். எல்லாரும் கட்டைவிரல் படத்தை அழுத்தினார்கள். நானும் அழுத்தினேன். புரியவில்லை என்பதற்குப் படம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நூலகப் பக்கத்தின் மூலையில் ஒரு கேள்விப் பெட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே யாரும் கேள்வி கேட்கலாம். பதில் சொல்வதற்குத் தலைமை அலுவலகத்தில் ஒரு அம்மா இருக்கிறார். கண்ணாடி போட்டு, சிரித்த முகமாக அவர் படம் இருக்கிறது. கேள்வி வந்து கண் சிமிட்டுவதற்குள் பதில் அடித்துவிடுகிறார். கேள்விப் பெட்டியைத் தினமும் நான் கவனிக்க வேண்டும் என்று எங்கள் நூலகர் மேடம் சொன்னார். அதனால் மரியாதைக்காக அந்த அம்மாவிடம், "வணக்கம், சாப்பிட்டீர்களா?" என்று எழுதினேன். "சாப்பாடு தொடர்பான நூல்கள் கீழே" என்று சமையல் புத்தகங்களின் பெயர்களை அனுப்பினார். கோபமா, விளையாட்டா? ஒன்றும் விளங்கவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் முணுமுணு


பிப்ரவரி 24

என் முணுமுணுவுக்கு,

நான் சுகம். ஆய்வகத்தில் நாள் முழுக்க ஊசியும் கையுமாக இருக்கிறேன். என்னைப் பார்த்ததும் குழந்தைகள் அழுகிறார்கள், பெரியவர்கள் அழாத மாதிரி நடிக்கிறார்கள். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தைலம் வாங்கினேன் என்று அவள் சொல்வாள், நம்பாதே, பாட்டிலைத் திறந்து பார்.

கண்ணாடிக்கார அம்மாவை நினைத்துக் குழம்பாதே. மூத்த ஆட்கள் அப்படித்தான். நான் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர், "ரத்தம்", "குழாய்", "அடுத்தது" என்பதைத் தவிர வேறு வார்த்தையே பேசமாட்டார். புதுசாக வந்தவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், வேலையைப் பார் என்று சொல்லாமல் சொல்கிறார். விட்டுப்பிடி. ஏதாவது உதவி செய். தானாக வழிக்கு வருவார்.

எழுதுவதில் உனக்கு இவ்வளவு வாய் இருப்பது எனக்கே தெரியாது. நிறைய எழுது. இங்கே வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். தைலப் பாட்டில் காலியாகத்தான் இருந்தது. நீ சொன்னதைச் சொன்னேன். "அவளுக்கு அங்கிருந்தே கண்ணு தெரியுது" என்று அம்மா சிரித்தாள். அத்தானுக்கு வேலை அதிகமா? பேச ஆளில்லை என்று எழுதியிருந்தாயே.

புத்தக அட்டைகளைப் போட்டோ எடுத்து ஆன்லைன் பட்டியலில் ஏற்றுகிறேன். ஒரு அலமாரி முழுக்க ஏற்றிய பிறகுதான் பார்த்தேன், எல்லா அட்டையிலும் என் கட்டைவிரல் இருக்கிறது. மேடம் பார்த்துவிட்டு, "விரலை எத்தனை நாளைக்குக் கடன் தர்றது?" என்று கேட்டார். திட்டினாரா, கிண்டல் செய்தாரா என்று தெரியாமல் மறுபடி எல்லாவற்றையும் எடுத்தேன்.

கண்ணாடிக்கார அம்மாவுக்கு உதவி செய்துவிட்டேன். அவர் சாப்பிடக்கூட எழுந்து போவதில்லை அக்கா. எந்த நேரத்தில் கேள்வி வந்தாலும் அங்கேயே இருக்கிறார். பெட்டியின் ஓரத்தில் "இடைநிறுத்து" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மத்தியானம் அதை அழுத்தி, "நீங்கள் போய் ஓய்வெடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினேன். பதில் இல்லை. போய்விட்டார் என்று நினைத்தேன்.

உடனே ஒரு கேள்வி வந்தது. ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர். பஸ் வராத பயணக் கதை வேண்டுமாம். காலமெல்லாம் ஓட்டியாயிற்றாம், இனி கதையிலும் ஹாரன் சத்தம் கேட்க முடியாதாம். நடந்து போகிற கதையா, படகில் போகிற கதையா என்று கேட்டேன். நடந்தால் முதுகு வலிக்கும், படகு போதும் என்றார். முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். படகுக் கதை ஒன்று தேடிச் சொன்னேன். நான் அடித்தாலும் அந்த அம்மாவின் படத்துக்குக் கீழேதான் போகிறது. அதுதான் எனக்குத் தைரியம்.

கடைசியில் அவர், "நீ நல்ல மிஷின்" என்று எழுதினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை வேகமாகச் செய்தால் ஒரு பெண்பிள்ளையை மிஷின் என்பதா? அந்த அம்மா இதைப் பார்த்தால் மனசு என்ன பாடுபடும்? அதனால் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஓய்வாகவே இருக்கட்டும் என்று இப்போதெல்லாம் நானே எல்லாருக்கும் பதில் சொல்கிறேன். சரிதானே?

அம்மா உன்னைக் கேட்டாள். அத்தானையும் கேட்டாள்.

உன் முணுமுணு


ஏப்ரல் 13

முணுமுணுவுக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

முதலில் ஒன்று. இனி எனக்கு உறையின் பின்னால் இருக்கிற முகவரிக்கு எழுது. வேலை செய்கிற பெண்கள் தங்கும் விடுதி. ஆய்வகத்துக்குப் பக்கம். அறையில் மூன்று கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்குக் கிடைத்தது. பழைய முகவரிக்கு எழுதாதே. அம்மாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன்.

நீ அந்த அம்மாவின் வேலையையும் சேர்த்துச் செய்வது நல்லதுதான். ஆனால் உன் வேலை உன் பேரில் இருக்க வேண்டும். செய்தது யார் என்று உன் மேடத்துக்குத் தெரியுமா? கேட்டுவை.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? விடுதியில் தூக்கம் வருகிறதா? அத்தான் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறாரா? அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "அவ ஏன் போன்ல அவசர அவசரமா வைக்கிறா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தலை சுற்றுகிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

நேற்று எல்லாக் கிளை நூலகங்களுக்கும் சேர்த்துத் திரையில் கூட்டம் நடந்தது. என் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தலைமை அலுவலக அதிகாரி எங்கள் கிளையைத்தான் முதலில் சொன்னார். கேள்விப் பெட்டிக்கு இங்கேதான் அதிகம் பேர் வருகிறார்களாம், வந்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்களாம். பிறகு கண்ணாடிக்கார அம்மாவின் படத்தைப் பெரிதாகக் காட்டி, "இந்தப் பெருமையெல்லாம் நம்ம தானியங்கி மிஷினுக்குத்தான்" என்றார்.

அக்கா, அப்படி ஒரு அம்மாவே இல்லை. அந்தப் படத்தையும் மிஷினே வரைந்ததாம். நான் நலம் விசாரித்தது, சாப்பிட்டீர்களா என்று கேட்டது, ஓய்வு கொடுத்தது எல்லாம் ஒரு மிஷினுக்கு. ஓட்டுநர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் மிஷின் என்று சொன்னது என்னை. மிஷினை ஆள் என்று நான் நினைத்திருக்கிறேன், என்னை மிஷின் என்று ஊரே நினைத்திருக்கிறது. காது சுட்டது. கேமரா அணைந்திருந்தது நல்லதாயிற்று.

அதோடு முடியவில்லை. மிஷின் இவ்வளவு நன்றாகச் செய்வதால், ஆகஸ்டுக்குப் பிறகு கேள்விப் பெட்டியைப் பார்க்கத் தற்காலிக ஆட்கள் தேவைப்படமாட்டார்கள் என்றார். அந்தத் தற்காலிக ஆள் நான்தான். நான் நன்றாக வேலை செய்ததால் எனக்கு வேலை இல்லை.

நான்தான் என்று சொன்னால் மிஷினை நிறுத்தி வைத்த குற்றம் வெளியே வரும். அதற்காகவே அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் மிஷின் போதும் என்று அனுப்பிவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் தொழிற்சாலை வாசல்தான் தெரிகிறது. மேடத்திடம் சொல்லலாம் என்று அவர் மேசை வரைக்கும் போனேன். "என்ன?" என்றார். "பசை தீர்ந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன். பசை டப்பா நிறைய இருக்கிறது.

உடனே எழுது. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

உன் முணுமுணு


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? என் கடிதம் கிடைத்ததா? புது முகவரியைச் சரியாக எழுதினேனா என்று சந்தேகமாக இருக்கிறது. நாங்கள் நலம்.

மிஷினை மறுபடி ஓடவிட்டுவிட்டேன். அது செய்ததாகச் சொல்கிற வேலையை அதுவே செய்யட்டும் என்று தோன்றியது. இப்போது கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டுநர் வந்து, படகுக் கதை முடிந்தது, பஸ் வராத வேறு கதை வேண்டும் என்று கேட்டார். "பஸ் தொடர்பான நூல்கள் கீழே" என்று அது எழுதியது. பஸ் எஞ்சின் பழுதுபார்ப்பு, பஸ் நிலையங்களின் வரலாறு, இன்னும் என்னென்னவோ. "பஸ் வேண்டாம்" என்று அவர் மறுபடி எழுதினார். அது இன்னும் நிறைய பஸ் அனுப்பியது. "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். பதில் தெரிந்தும் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? விரலெல்லாம் அரித்தது.

பயிற்சிக்காரரிடம் கேட்கலாம் என்று அவருக்கு மின்னஞ்சல் எழுதக் கற்றுக்கொண்டேன். எழுதி முடித்து, அனுப்பாமல், வரைவு என்கிற இடத்தில் போட்டுவைத்திருக்கிறேன். வரைவில் போட்டால் யாருக்கும் போகாதுதானே?

உனக்கு என்மேல் கோபமா?

உன் முணுமுணு


ஜூன் 27

என் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. உன்மேல் எனக்கு என்ன கோபம்? உடம்புக்கும் ஒன்றுமில்லை.

"போய்ச் சொல்லிவிடு, பயப்படாதே" என்று மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் கிழித்துப்போட்டேன். அதை எழுத எனக்குக் கை கூசியது. நீ ஒவ்வொரு கடிதத்திலும் அத்தானைக் கேட்கிறாய். நான் எதற்கும் பதில் சொன்னதில்லை. நான் அந்த வீட்டைவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போகப்போவதில்லை. அவர் அடித்தாரா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஒருத்தி அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன்.

ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள், வாயைத் திறக்கப் பயந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். இவள் உனக்கு எந்த முகத்தோடு தைரியம் சொல்வது? எனக்குத் தெரியவில்லை முணுமுணு. உனக்கு எது முடிகிறதோ அதைச் செய். முடியாவிட்டாலும் எனக்கு எழுது.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கு. நன்றாகச் சாப்பிடு. உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீ வந்தது நல்லது. அது மட்டும் எனக்குக் குழப்பமில்லாமல் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நான் அலமாரிக்குப் பின்னால் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். உயரமான ஒருவர் இடுப்பில் கை வைத்தபடி உள்ளே வந்தார். மேடத்தின் மேசைக்கு நேராகப் போனார்.

"ஏங்க, உங்க மிஷினுக்கு என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மிஷினுக்கு ஏதுங்க உடம்பு என்று மேடம் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்ததாம், அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டுத்தான் புத்தகம் சொல்லுமாம், இப்போது பஸ், பஸ் என்று உயிரை வாங்குகிறதாம். தன் முதுகு வலியைக்கூட அது விசாரிக்கும் என்றார். அப்படியெல்லாம் அது கேட்காது, நீங்கள் வேறு யாரிடமாவது பேசியிருப்பீர்கள் என்றார் மேடம். தனியாக இருக்கிற கிழவன் கற்பனை செய்கிறான் என்கிற மாதிரி ஒரு குரலில் சொன்னார். ஓட்டுநரின் முகம் சின்னதாகிப் போயிற்று. சரி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித் திரும்பினார்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை அக்கா. வேலை போய்விடும் என்கிற ஞாபகமே இல்லை. அலமாரியைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றேன். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"இப்ப முதுகு எப்படி இருக்கு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா அந்த மிஷின்?" என்றார். தலையை ஆட்டினேன். "பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரி இருக்கே" என்றார். பிறகு, முதுகு பரவாயில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

மேடம் எழுந்து நின்றுவிட்டார். மிஷின் இத்தனை மாதம் நின்று கிடந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் என்றார். சாப்பிடக்கூடப் போகவில்லையே என்று நிறுத்தினேன் என்றேன். யார் என்றார். அந்த அம்மா என்றேன். ஓட்டுநர்தான் வாய்விட்டுச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதியே ஆக வேண்டும், மறைக்க முடியாது என்றார். என் முன்னாலேயே எழுதினார். நல்லதாக எழுதினாரா, கெட்டதாக எழுதினாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இனி காத்திருக்க வேண்டியதுதான். அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து வைக்கிறேன் என்றாள்.

உன் முணுமுணு


ஆகஸ்ட் 5

முணுமுணுவுக்கு,

ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் தூங்குகிறேன். உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் செய்தேன். முதலில் முழங்காலைக் கேட்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் மூச்சு மட்டும்தான் கேட்டது. உனக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசியில், "துணிமணியெல்லாம் எடுத்துட்டு வந்துட்டியா, அங்கேயே விட்டுட்டியா?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன் என்றேன். சரி என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. நீ பக்கத்தில் இருந்தாயா? வைத்த பிறகு அழுதாளா? ஒளிக்காமல் எழுது.

உன் அலுவலகத்திலிருந்து ஏதாவது வந்ததா? எது வந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மா அழவில்லை. போனை வைத்ததும் அலமாரியில் அவள் பக்கத்துத் துணியையெல்லாம் ஒரே தட்டில் அடுக்கினாள். ஒரு தட்டு காலியாக இருக்கிறது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. லீவு கிடைக்கும்போது வந்து நீயே பார்.

தலைமை அலுவலகத்திலிருந்து நேற்று மின்னஞ்சல் வந்தது. மேல்பாதி எச்சரிக்கை. அனுமதி இல்லாமல் மிஷினை நிறுத்தியது பெரிய தவறு, இனி நடக்கக் கூடாது என்று இருந்தது. கீழ்ப்பாதியில் இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்வதாக இருந்தது. இது திட்டா, பாராட்டா என்று மேடத்திடம் கேட்டேன். ஆமாம், வாயைத் திறந்தே கேட்டேன். "ரெண்டையும் வாங்கிட்டு வேலையைப் பாரு" என்றார்.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். மிஷினால் முடியாத கேள்விகள் எனக்கு வரும். நான் எழுதுகிற பதிலுக்கு மேலே என் படம் இருக்க வேண்டும். மேடமே போட்டோ எடுத்தார். சிரி என்றார், சிரிக்க வரவில்லை. திருட்டு முழி முழிக்கிற அந்தப் படம்தான் இப்போது பெட்டியில் இருக்கிறது. காலையிலிருந்து யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று பயமாகவும், யாருமே கேட்கவில்லையே என்று கவலையாகவும் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சம் முன்பு முதல் கேள்வி வந்தது. யாரென்று தெரியாத ஒருவர். புத்தகத்தைப் பற்றியே கேட்கவில்லை. "நீங்கள் நிஜமான ஆளா, இல்லை உங்களையும் மிஷின்தான் வரைந்ததா?" என்று கேட்டிருந்தார்.

நிஜம்தான் என்று அடித்தேன். அதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே என்று அழித்தேன். என் வயது, என் வேலை எல்லாம் அடித்தேன். அதையும் அழித்தேன். மிஷினும் அப்படிச் சொல்லும். எதை எழுதினாலும் அதில் நான் இருப்பதாகத் தெரியவில்லை. கடைசியில், "நூலகம் ஆறு மணி வரை திறந்திருக்கும். நேரில் வந்து பாருங்கள். உள்ளே வந்ததும் இடது பக்கம், பசை டப்பா வைத்திருக்கும் மேசை என்னுடையது" என்று எழுதினேன். வரைவில் போடவில்லை அக்கா, அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே உனக்கு இதை எழுதுகிறேன். வந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வெளியே யாரோ மிதியடியில் செருப்பைத் துடைக்கிறார்கள். நான் எழுந்து நிற்க வேண்டும்.

உன் முணுமுணு